பதினெட்டு விரல்களும் ஒரு பஸ்ஸும்

"வலது பின்கால், மூன்றாவது விரல் இல்லை. இடது பின்கால், நான்காவது இல்லை."

முழங்கால் வரை சேற்றில் நின்றுகொண்டு உரக்கச் சொல்கிறேன். இடது உள்ளங்கையில் ஒரு தவளை மல்லாந்து கிடக்கிறது. இட்லி மாவு போல வெளுத்த வயிறு, சில்லென்று இருக்கிறது. அதன் நெஞ்சு அடித்துக்கொள்வது என் கட்டைவிரலுக்குத் தெரிகிறது. என் நெஞ்சும் அடித்துக்கொண்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்போது அப்படி ஒன்றும் இல்லை. அதற்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பாக்கி இருந்தது.

முடிச்சூர் சாலையை ஒட்டி, கீரைப் பாத்திகளுக்கு நடுவே இருந்த குட்டை அது. இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஐப்பசி மாதம். முந்தின நாள் மழையில் குட்டை கரை தொட்டுக் கிடந்தது. சுற்றிலும் மனை போட்டு நட்ட மஞ்சள் கற்கள். ஒவ்வொரு கல்லின் மேலும் ஒரு தேரை, பத்திரம் முடித்துவிட்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தது.

கரையில் குடையை ஊன்றிக்கொண்டு டாக்டர் சுகந்தி நின்றார். எங்கள் ஆய்வின் தலைவர். தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஏரி, குளம், குட்டைகளில் எத்தனை வகைத் தவளை இருக்கிறது, அவற்றில் எத்தனைக்கு உடம்பில் குறை இருக்கிறது என்று கணக்கெடுப்பது எங்கள் வேலை. ஒரு வருஷமாகத் தேடியும் ஒரு பிறவிக் குறைகூடக் கிடைக்கவில்லை. இன்று ஒரே குட்டையில், ஒரே காலையில், விரல் இல்லாத தவளை ஆறாவதாகக் கிடைத்திருந்தது. சந்தோஷத்தை வெளியே காட்டக்கூடாது என்பதற்காக மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பாத்தியில் முளைக்கீரை பிடுங்கிக்கொண்டிருந்த பவுனக்கா நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கீரையும் அந்தத் துண்டு நிலமும் அவருடையவை.

"இன்னா சார், தவளைக்கு மருதாணி வெக்கப் போறியா? அம்மாம் நேரமா வெரல புட்ச்சிகினு நிக்கிற."

மேடம் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஒருவேளை போன வருஷம் நாம மார்க் பண்ணினதா இருக்குமோ?"

"இல்ல மேடம். அதையெல்லாம் ஏரியிலதானே விட்டேன்."

இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப்போகிறேன்.

முப்பத்தேழு வயதில் தவளை

டுடோரியல் காலேஜ் ஒன்றை நான் பாடம் நடத்தியே மூடவைத்த கதையைச் சென்ற வாரம் சொல்லியிருந்தேன். அதற்கப்புறம் நான்கு மாதம் வீட்டில் இருந்தேன். இருந்தேன் என்பது மரியாதைக்கான சொல். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தேன். உட்கார்ந்தால் கால் ஆட்டினேன். "கால் ஆட்டாதீங்க, குடும்பத்துக்கு ஆகாது" என்பாள் மங்கை. என் மனைவி. இன்னும் ஆவதற்கு என்ன பாக்கி என்று நான் கேட்டதில்லை. அவள் அப்போது குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் ஆசிரியை. வீட்டில் அரிசி வெந்தது அவளால்தான்.

அவள்தான் அந்த விளம்பரத்தைக் கத்தரித்துக் கொடுத்தாள். களப்பணியாளர் தேவை, விலங்கியல் பட்டம் வேண்டும். மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடி வீட்டின் மேல்தளத்தில் அலுவலகம். நேர்முகத்தில் டாக்டர் சுகந்தி மூன்றே கேள்வி கேட்டார்.

"நீச்சல் தெரியுமா?"

"தெரியாது மேடம்."

"அதிகாலைல எழுந்திருப்பீங்களா?"

"பழகிக்கலாம் மேடம்."

"தவளையைத் தொட அருவருப்பு இல்லையே?"

இதற்கு மட்டும் தலை நிமிர்ந்து பதில் சொன்னேன். பட்டப்படிப்பில் நான் அறுத்த தவளைகளை வரிசையாக வைத்தால் சானடோரியத்திலிருந்து பெருங்களத்தூர் வரை வரும். நரம்பு மண்டலம், ரத்த ஓட்டம், எல்லாம் பார்த்தாயிற்று. உயிரோடு ஒரு தவளையை நிதானமாகப் பார்த்ததில்லை என்பது வேலையில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. மெழுகுத் தட்டில் குண்டூசி குத்தி வைத்திருந்தபோது எல்லாம் ஒரே ஜாதியாகத்தான் இருந்தன.

வேலைக்கு வினோதமான விதிகள் உண்டு. தவளை தோலால் குடிக்கும், தோலாலும் மூச்சு விடும். எனவே நம் கையில் சோப்பு வாசனை கூடாது, பவுடர் கூடாது, கொசுவுக்கு எந்தக் களிம்பும் பூசக்கூடாது. தவளைக்கு நோகாமல் இருக்க முடிச்சூர்க் கொசுக்களுக்கு நான் என்னை அர்ப்பணித்துக்கொண்டேன். பிடித்த தவளையை ஈரத் துணிப்பையில் போட்டு, எடை பார்த்து, நீளம் பார்த்து, கண்ணிரண்டும் பார்த்து, விரல்களை எண்ண வேண்டும். முன்கையில் நாலு நாலு, பின்காலில் ஐந்து ஐந்து. மொத்தம் பதினெட்டு. ஒரு வருஷத்தில் நான் எண்ணிய விரல்கள் மனிதர்களாக இருந்திருந்தால் ஒரு சிறிய நாட்டின் மக்கள்தொகை தேறியிருக்கும்.

வெளிநாடுகளில் சில இடங்களில் ஐந்து கால், மூன்று கால் என்று தவளைகள் கிடைத்து, பூச்சிமருந்தா, புழுவா என்று விஞ்ஞானிகள் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. எங்களுக்குக் கிடைத்ததோ ஒற்றைக்கண் தவளை ஒன்று. அதுவும் கொக்கு செய்த காரியம் என்று மேடம் கண்டுபிடித்துத் தள்ளிவிட்டார்.

விரலால் எழுதிய நம்பர்

அடையாளம் போடும் முறையைச் சொல்லாவிட்டால் என் குற்றம் புரியாது.

ஒரு ஏரியில் எத்தனை தவளை இருக்கிறது என்று தெரிய வேண்டும். பிடித்து, அடையாளம் போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். சில நாள் கழித்து மறுபடி பிடித்தால் அதில் எத்தனை அடையாளத்தோடு வருகின்றன என்பதை வைத்துக் கணக்கு. தவளைக்குச் சட்டை கிடையாது, நம்பர் தைக்க முடியாது. எனவே விரல் நுனியை வெட்டுவார்கள். சின்னக் கத்தரி, ஸ்பிரிட்டில் நனைத்தது. பத்தாம் ஸ்தானத்துக்கு வலது பின்கால், ஒன்றாம் ஸ்தானத்துக்கு இடது பின்கால். வலதில் மூன்றாவது விரலும் இடதில் நாலாவது விரலும் போனால் அந்தத் தவளை முப்பத்துநாலு.

கொடூரமாக இருக்கிறது என்கிறீர்களா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. எந்த வெட்டுக்கும் தவளை கத்தாது. காலை உள்ளே இழுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். கத்தினால் தேவலை. மேடத்துக்கும் அது பிடிக்கவில்லை. முதல் மழைக்காலத்தோடு அந்த முறையையே நிறுத்திவிட்டார்.

அந்த முதல் மழைக்காலத்தில், மேடம் ஊரில் இல்லாத ஒரு நாள், நான் தனியாக ஏரிக்குப் போனேன். தண்ணீர்மேல் சில்லு எறிந்த மாதிரி தத்திப் போகும் தவளைகள், பதினைந்து பிடித்தேன். ஏரிக்கரையில் நிழலே இல்லாததால் சாலை வரை நடந்து வந்து, ஒரு மரத்தடியில் உட்கார்ந்து நம்பர் போட்டேன். முப்பத்தொன்றிலிருந்து முப்பத்தைந்து, நாற்பத்தொன்றிலிருந்து நாற்பத்தைந்து, ஐம்பத்தொன்றிலிருந்து ஐம்பத்தைந்து. முடித்துவிட்டு மூடி போட்ட பக்கெட்டோடு எழுந்தேன். ஏரிக்கரைக்குத் திரும்ப ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். அப்போது பஸ் வந்தது.

அந்தத் தடத்தில் பஸ் வருவது என்பது அபூர்வமான வானியல் நிகழ்ச்சி. விட்டால் அடுத்தது எப்போது என்று நடத்துனருக்கே தெரியாது. மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. நிறுத்தத்துக்குப் பத்தடியில், கீரைப் பாத்திகளுக்கு நடுவே, ஒரு குட்டை இருந்தது. மூடியைத் திறந்து பக்கெட்டைக் கவிழ்த்தேன். பதினைந்தும் தத்தித் தத்திப் போயின. ஓடிப் போய் ஏறினேன்.

மறுநாள் அலுவலகத்தில் பதிவேட்டில் "பிடித்த இடத்திலேயே விடப்பட்டன" என்று முத்து முத்தாக எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். அதில் எழுதிய எதையும் நானே நம்பிவிடுவேன்.

வரிசை எண்

ஆக, குட்டைக்கரையில் மேடம் கேட்டபோது நான் பொய் சொன்னேன் என்று சொல்வதா, பதிவேட்டை ஒப்பித்தேன் என்று சொல்வதா, தெரியவில்லை. பத்து மாதம் கழிந்திருந்தது. அந்தப் பக்கெட்டை நான் மறந்தே போயிருந்தேன். மேடத்துக்கும் சந்தேகப்படக் காரணமில்லை. ஏரிக்கும் குட்டைக்கும் நடுவில் ஒரு சாலை, இரண்டு நகர், ஒரு செங்கல் சூளை. தவளை அவ்வளவு தூரம் நடந்து வராது.

சாயங்காலம் அலுவலகத்தில் உட்கார்ந்து படிவத்தைப் பிரதி எடுத்தேன். மொத்தம் ஒன்பது தவளை. வலது மூன்று, இடது ஒன்று. வலது மூன்று, இடது இரண்டு. வலது மூன்று, இடது நான்கு. வலது நான்கு, இடது ஒன்று. எழுத எழுத என் பேனா மெதுவாயிற்று. பூச்சிமருந்து, புழு, ரசாயனக் கழிவு எல்லாமே ஒரு கருவைச் சிதைக்கலாம். ஆனால் பிறவிக் குறை வரிசை எண் போட்டுக்கொண்டு வராது.

முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்துநாலு, நாற்பத்தொன்று. என் பிள்ளைகள். பத்து மாதத்தில் கொழுத்திருந்தன.

எழுந்தேன். உட்கார்ந்தேன். தண்ணீர் குடித்தேன். அடுத்த அறையில் மேடம் தொலைபேசியில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒரே குட்டைல ஒன்பது. ஆமா, கன்ஃபர்ம்டு. என் அசிஸ்டென்ட் ரொம்ப கேர்ஃபுல் ஆள்."

அந்தக் கடைசி வரிதான் என்னைக் கெடுத்தது. என்னைப் பற்றி ஒருவர் நல்லதாகச் சொல்லி வெகுநாளாகியிருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று படிவத்தைக் கோப்பில் செருகினேன்.

மறுநாள் திருநீர்மலைக்குப் போகவேண்டியிருந்தது. மலையடிவாரத்துக் குளம் எங்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்கும் இடம். மனை கிடையாது, கீரை கிடையாது, மருந்து கிடையாது. பெருமாளைச் சேவிக்க வந்த ஒரு மாமி நான் தவளையை மல்லாத்திப் பார்ப்பதைக் கொஞ்ச நேரம் நின்று கவனித்தார். "ஏதாவது பரிகாரமா?" என்று விசாரித்தார். ஆமாம் என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. திருநீர்மலைத் தவளைகள் எல்லாவற்றுக்கும் பதினெட்டு விரல். ஒவ்வொன்றையும் எண்ணி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். ஒன்றாவது பதினேழாக இருக்கக் கூடாதா?

மேடத்திடம் சொல்ல மூன்று தடவை வாயெடுத்தேன். முதல் தடவை அவர் டீ சொன்னார். இரண்டாம் தடவை ஆட்டோ வந்தது. மூன்றாம் தடவை காரணமே இல்லை.

வாய் திறந்த இடம்

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் திறக்க வேண்டிய இடத்தில் மூடி, மூட வேண்டிய இடத்தில் திறந்தவன்.

ஞாயிற்றுக்கிழமை வாசல் கேட்டில் செருகிவிட்டுப் போவார்களே பேட்டைப் பத்திரிகை, முக்கால்வாசி மனை விளம்பரமாக இருக்கும், அப்படி ஒன்றிலிருந்து ஒருவர் வந்தார். எங்கே கேள்விப்பட்டாரோ. மேடம் அவரிடம் நிதானமாகப் பேசினார். காரணம் தெரியாது, இன்னும் பார்க்க வேண்டும், அவசரப்பட்டு எழுதாதீர்கள் என்றார். சரி சரி என்று குறித்துக்கொண்டவர் படியிறங்கும்போது என்னைப் பிடித்தார்.

"அந்தக் குட்டைத் தண்ணி எதுக்கு சார் யூஸ் ஆகுது?"

"கீரைக்கு" என்றேன். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லிவிட்ட மாணவனின் பெருமிதத்தோடு.

அடுத்த ஞாயிறு காலை மங்கை கேட்டிலிருந்து அதை உருவிக்கொண்டு வந்தாள்.

"விரல் இல்லாத தவளைகள், கீரையில் விஷமா?" என்று படித்தாள். "இது உங்க தவளைதானே?"

"ம்."

"அப்ப நம்ம தெருவுக்கு வர்ற பவுனக்கா கீரை?"

"ம்."

"ஏங்க, வாரத்துல மூணு நாள் அதைத்தானே பொரியல் பண்றேன். ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

அவள் பிரிட்ஜைத் திறந்து, முந்தின நாள் வாங்கி வைத்திருந்த அரைக்கீரைக் கட்டை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள். கீரை தொட்டியில் விழுந்தால் சத்தமே வராது. எனக்குக் கேட்டது.

ஒரு வாரம் பொறுத்தேன். அந்த வாரம் நான் தூங்கியதாக நினைவில்லை. குட்டைப் பக்கம் போகாமல் மற்ற இடங்களாகப் பார்த்துப் போனேன். அனகாபுத்தூர் ஆற்றோரம் வரை போய் விரல் எண்ணினேன். கடைசியில் ஒரு நாள் போகத்தான் வேண்டியிருந்தது.

பவுனக்கா பாத்தியோரம் உட்கார்ந்திருந்தார். வழக்கமாக அந்நேரத்துக்குத் தெருவில் இருப்பவர். கூடை நிறையக் கட்டுகள், தலை தொங்கிப் போய்.

"யாரும் வாங்கறது இல்ல சார். வெசமாம். புருசனுக்கு ஆக்கிப் போடுவியானு கேக்குறா ஒருத்தி. நா இன்னா பண்றேன், நானே தின்னுகினு தானே கீறேன்."

பிறகு, பாத்தியைப் பார்த்தபடியே சொன்னார்: "கொயந்தனாருங்க நேத்து வந்தானுங்க. கீரதான் போவலியே அண்ணி, இந்தத் துண்டையும் குடுத்துடு, மொத்தமா மனை போட்டுடலாம்னு. பொங்கல் வரிக்கும் பாருன்னு சொல்லிட்டுப் பூட்டானுங்க."

அவர்கள் குடும்பத்து நிலமெல்லாம் ஏற்கெனவே நகர்களாகிவிட்டிருந்தது. கணவர் இல்லை. மிச்சம் இருந்தது இந்தத் துண்டுதான். அதையும் அவர் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்ததற்கு ஒரே நியாயம், கீரை போகிறது என்பது. அந்த நியாயத்தை நான் ஒரு பக்கெட்டால் கவிழ்த்திருந்தேன்.

அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேகமாக நடந்து, பஸ்ஸுக்கு நிற்காமல், தாம்பரம் வரைக்கும் நடந்தே போனேன்.

மேடம் கேட்ட கேள்வி

மேடத்தின் மேஜைமேல் பழைய பதிவேட்டையும் புதிய படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் இரண்டையும் பார்த்தார். விஞ்ஞானி. அரை நிமிஷம் கூட ஆகவில்லை.

"எத்தனை?"

"பதினஞ்சு மேடம்."

"ஏன்?"

"பஸ் வந்துடுச்சு மேடம்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை. மேஜைமேல் வைத்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். ஒரு கருத்தரங்குக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்பியிருந்தார். என் எதிரிலேயே அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று கடிதம் எழுதி, உறையில் போட்டு, ஒட்டினார். ஒட்டுவதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

"இதை நான் கரெக்ட் பண்ணிட்டேன். அந்தக் கீரை விக்கிற அம்மாவுக்கு யார் கரெக்‌ஷன் போடுவா?"

பேட்டைப் பத்திரிகைக்குப் போனேன். எங்களிடம் வந்துபோன நிருபர் சிரித்தார். "தவளைக்கு விரல் இல்லைன்னா நியூஸ் சார். இருக்குன்னா என்ன சார் நியூஸ்?" ரொம்ப வற்புறுத்தியதில், உள்பக்கத்தில், மாவு அரைக்கும் இயந்திர விளம்பரத்துக்குக் கீழே இரண்டு வரி போட்டார்கள். அதில் தவளை என்ற சொல்லே இல்லை. "சில உயிரினங்கள் குறித்து" என்று இருந்தது.

பிறகு வேறு வழியில்லாமல் குட்டைக்குப் போனேன். பவுனக்கா களை எடுத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். அவர் கை நிற்கவில்லை.

"வெரல நீயா வெட்டின?"

"ஆமாக்கா."

"இன்னாத்துக்கு?"

"அடையாளத்துக்கு."

"கயித்த கிய்த்த கட்டக்கூடாதா?"

"வழுக்கிடும்."

"வெட்டிட்டு எடுத்தாந்து என் குட்டைல வுட்டுட்ட."

"ஆமா."

"பஸ்ஸு வந்துட்சின்னு."

"ஆமாக்கா."

இப்போதுதான் நிமிர்ந்தார். "சீட்டு கெட்ச்சிச்சா?"

"இல்ல. நின்னுகிட்டேதான் போனேன்."

அவர் களைக்கொத்தைக் கீழே வைத்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். அவர் அடித்திருந்தால் நான் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"நாளைக்கு ஆறு மணிக்கு வா. கூடய நா தூக்கிக்கிறேன். நீ வாய மட்டும் எடுத்துகினு வா."

கீரைக்காரரின் பின்னால் ஒரு கனவான்

எட்டு நாள் காலையில் நான் அவர் பின்னால் தெருத் தெருவாகப் போனேன். அவர் "கீரேய்" என்று குரல் கொடுப்பார். கேட் திறக்காது. அவரே தட்டுவார். யாராவது எட்டிப் பார்த்தால் என்னை முன்னால் தள்ளுவார். "கேளும்மா, இவுரு சொல்றாரு."

முதல் நாள் நான் டுடோரியல் தமிழில் ஆரம்பித்தேன். "அம்மா, மக்கள்தொகைக் கணக்கீட்டின் பொருட்டு..." என்று. ஒரு பெண்மணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் முடிக்கும் வரை கேட்டார். பிறகு பவுனக்காவிடம் கேட்டார்: "யாருக்கா இந்த ஆளு, பேஜார் பண்றாரு. செட் பண்ணி இட்னு வந்தியா?" அன்று ஒரு கட்டுகூடப் போகவில்லை. இரண்டாம் நாள் பேசும்போதே கண் கலங்கியது. கண் கலங்குகிறவனிடமிருந்து யாரும் கீரை வாங்குவதில்லை என்று தெரிந்தது.

நாலாம் நாள் தூக்கமின்மையாலோ என்னவோ, மக்கள்தொகையை விட்டுவிட்டு நேரே பஸ்ஸில் ஆரம்பித்தேன். மேகம், மூடி, கவிழ்த்தது, ஓடியது, சீட்டு கிடைக்காதது. கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து இன்னொருவர் வந்து, "என்னடி, என்ன?" என்று கேட்டார். மறுபடி சொன்னேன். இந்தத் தடவை தவளைகளுக்கு நம்பர் இருந்ததையும் சேர்த்தேன். இரண்டு கட்டு போயிற்று.

அடுத்த தெருவில் நன்றாகச் சொன்னேன். அதற்கடுத்த தெருவில் இன்னும் நன்றாக. எங்கே நிறுத்தினால் சிரிப்பு வரும், எங்கே முகத்தை உம்மென்று வைத்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் பிடிபட்டுவிட்டது. ஒரு பெண்ணின் வயிற்றில் அடித்த கதை, அதைச் சொல்லிச் சொல்லி எனக்குக் குஷி ஏறுகிறது. அதை உணர்ந்தபோது நடு வாக்கியத்தில் இருந்தேன். நிறுத்தவில்லை.

ஆறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெரு. அதைத் தவிர்க்க இரண்டு நாளாகப் பவுனக்காவை வேறு பக்கம் திருப்பிப் பார்த்தேன். என் வீடு அங்கே இருப்பது அவருக்குத் தெரியாது. மங்கைக்கு நான் காலையில் எங்கே போகிறேன் என்று தெரியாது. தவளை எண்ணப் போவதாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

கேட்டைத் திறந்தவள் என்னைப் பார்த்தாள். கூடையைப் பார்த்தாள். பக்கத்து வீடுகளிலிருந்து நாலு பேர் கூடிவிட்டார்கள்.

"கேளும்மா, இவுரு சொல்றாரு" என்றார் பவுனக்கா.

சொன்னேன். மற்றவர்கள் சிரித்தார்கள். மங்கை யாரோ ஒரு வெளியாளைப் பார்ப்பது போல முழுவதையும் கேட்டாள். வகுப்பில் கடைசி பெஞ்சைக் கேட்கிற குரலில் ஒரே கேள்வி கேட்டாள்.

"அந்த பஸ்ஸைப் பிடிச்சு வீட்டுக்கு வந்து என்ன பண்ணினீங்க?"

யோசித்துப் பார்த்தேன். "ஒண்ணும் பண்ணலை. உட்கார்ந்திருந்தேன்."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. மங்கை பவுனக்காவிடம் திரும்பினாள். "ரெண்டு கட்டு அரைக்கீரை குடுங்கக்கா. இனிமே எப்பவும் போல போடுங்க." வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அன்று மத்தியானம் என் தட்டில் சோற்றைவிடக் கீரை அதிகமாக இருந்தது. நான் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

எட்டாம் நாள் கூடை காலியாகத் திரும்பியது என்று எழுத ஆசைதான். அடியில் நாலைந்து கட்டு மிஞ்சியிருந்தது. ஆனால் கொழுந்தனார்களுக்குச் சொல்லப் போதுமான அளவு போயிருந்தது. பவுனக்கா தெருமுனையில் நின்று சும்மாடைச் சரிசெய்துகொண்டார்.

"நாளைலேந்து நீ வராத சார்."

கோபமா என்று கேட்டேன்.

"கோவம் கீது. அது வேற. நீ சொல்ல ஆரம்பிச்சா பொம்பளைங்க நின்னு கேட்டுகினே கீறாளுங்க. வெய்யில் ஏறிடுது, கீர வாடுது. நா ஒண்டியா போனா இந்நேரம் நாலு தெரு முட்ச்சிட்டிருப்பேன்."

கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு அடுத்த தெருவில் திரும்பினார். நான் அங்கேயே நின்றேன். குரல் கேட்டது. முதல் வீட்டில் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம். மூன்றாவது வீட்டிலும் கேட்டது. இரண்டாவது வீட்டில்தான் அந்தப் பெண்மணி இருந்தார், புருஷனுக்கு ஆக்கிப் போடுவாயா என்று கேட்டவர். இரண்டு தடவை என் கதையைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தவர். சிரித்து முடித்ததும், "வேணாங்கா, எதுக்கு வம்பு" என்று கேட்டைச் சாத்தியவர்.

பவுனக்கா அந்த வீட்டு வாசலிலும் நின்று ஒரு தடவை குரல் கொடுத்திருந்தார். பதிலுக்காகக் காத்திராமல்தான் மூன்றாவது வீட்டுக்குப் போனார்.